பம்பருக்குள் ஏர் ஃபில்டரை இறக்கலாமா?

வேளச்சேரியிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் படங்களுடன் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். மாமாவிடமிருந்து வாங்கிய, பத்து வயதை நெருங்கும் 1,200 சிசி பெட்ரோல் கார் அவருடையது. இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று கிடைத்தால் சக்தி கூடும் என்று காணொளிகளில் பார்த்திருக்கிறார். அதை நம்பி, கம்பெனி பொருத்திய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, 75 மி.மீ. பிவிசி குழாய், இரண்டு எல்போ, ஜி.பி. ரோட்டில் வாங்கிய கூம்பு வடிவ ஃபில்டர் ஆகியவற்றைக் கொண்டு தானே ஒரு காற்றுக்குழாய் அமைத்திருக்கிறார். ஃபில்டர் இப்போது பானெட்டுக்குள், ஹெட்லைட்டுக்குப் பின்புறம் இருக்கிறது. அடுத்ததாக, ஃபெண்டரின் உள்தகட்டில் துளை போட்டு, அதை முன் பம்பருக்குள் பனிவிளக்குக்குப் பின்னால் இறக்குவது அவர் திட்டம். பொருத்திய சில நாட்களிலேயே 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்திருக்கிறது. நண்பர் சொன்னபடி பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டியதும் அணைந்து, பிறகு மறுபடியும் எரிந்திருக்கிறது.

அவர் கேட்பவை நான்கு. பம்பருக்குள் இறக்கினால் சொல்கிறார்களே, அந்தப் பத்து குதிரைத்திறன் கிடைக்குமா? மைலேஜ் கூடுமா? சட்டப்படி இது குற்றமா? சர்வீஸுக்கும் இன்சூரன்ஸ் புதுப்பிப்புக்கும் போகும்போது பழைய பெட்டியை மாட்டிக்கொண்டால் போதாதா? கடிதத்தின் நடுவே, கேள்வியாக அல்லாமல், ஒரு வரி வருகிறது: "எங்கள் தெருவில் மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும்."

அன்புள்ள நண்பருக்கு,

வாகனப் பொறியாளராகவும் காப்பீட்டு சர்வேயராகவும் பணியாற்றுபவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்கள் அடிப்படை எண்ணத்தில் பிழையில்லை. காற்று குளிரக் குளிர அடர்த்தி கூடும். நம் ஊர் வெப்பநிலையில் 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 3 சதவீதம் அதிகக் காற்று அதே கொள்ளளவுக்குள் அடங்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூடும், சக்தியும் கூடும். அதோடு, சூடான காற்று உள்ளே போகும்போது கலவை நேரம் தவறித் தானே வெடித்து இன்ஜின் 'நாக்' அடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், காரின் கணினி ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, சக்தியைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறது. எனவே காற்றைக் குளிர்ச்சியாக எடுக்க வேண்டும் என்பது சரியான நோக்கம்தான். ஆனால், நீங்கள் கழற்றி வைத்திருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி செய்துகொண்டிருந்ததும் இதே வேலையைத்தான்.

உங்கள் முதல் படத்தில், பெட்டியின் மூக்கு போன்ற குழாய் ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லை ஒட்டி நீண்டிருப்பது தெரிகிறது. அது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை எடுப்பதில்லை, வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. மே மாத மதியத்தில் சிக்னலில் நிற்கும்போது பானெட்டுக்குள் 60 டிகிரிக்கு மேல் போகலாம், அப்போது எந்தக் குழாயும் சூடான காற்றைத்தான் இழுக்கும். ஆனால் சிக்னலில் நிற்கும் காருக்குச் சக்தி எதற்கு? வண்டி 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது, கம்பெனி அமைப்பு எடுக்கும் காற்று பெரும்பாலும் வெளிவெப்பத்தைவிட 5 முதல் 10 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். அந்த இடைவெளியை முழுவதுமாக மூடிவிட்டாலும் லாபம் ஒன்றரை முதல் மூன்று சதவீதம். எண்பத்துச் சொச்சம் குதிரைத்திறன் கொண்ட உங்கள் இன்ஜினில் அது ஒன்று அல்லது இரண்டு குதிரைத்திறன், அதுவும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அதிக ஆர்.பி.எம்.-ல் ஓட்டும்போது மட்டும். பத்து என்பது நடவாத கணக்கு. இப்போது உங்கள் ஃபில்டர் இருக்கும் இடமோ, பழைய அமைப்பு எடுத்த காற்றைவிடச் சூடான காற்று தேங்கும் இடம்.

"பிக்-அப் கூடியதுபோல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியோடு சேர்த்து, காற்றின் இரைச்சலை விழுங்குவதற்காக வைக்கப்பட்ட ரெசொனேட்டர் அறையையும் எடுத்துவிட்டீர்கள். அதனால் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்றை விடும் வால்வு, திறக்கும்போது எழும் உறிஞ்சும் சத்தம் நேராகக் காதுக்கு வருகிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகத் தோன்றுவது எல்லோருக்கும் நேர்வது. ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கலாம். அது மகிழத்தக்க காரணம் அல்ல.

விளக்கு ஏன் எரிகிறது

உங்கள் கடிதத்திலேயே இதற்கான விடை இருக்கிறது. பழைய பெட்டியின் வெளிவாயில் உள்விட்டம் 60 மி.மீ., புதிய குழாயின் உள்விட்டம் சுமார் 70 மி.மீ. என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வாயிலில் இருந்த காற்றோட்ட சென்சரை, பிவிசி குழாயில் துளை போட்டு, எம்-சீல் வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். அந்த சென்சருக்குள் இருப்பது சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பி. கடந்துபோகும் காற்று அதை எவ்வளவு குளிர வைக்கிறது என்பதைக் கொண்டு, 60 மி.மீ. குழாயில் ஓடுவதாகக் கருதி, மொத்தக் காற்றின் அளவைக் கணினி கணக்கிடுகிறது. குழாய் 70 மி.மீ. ஆனதும் பரப்பளவு 36 சதவீதம் கூடுகிறது. அதே காற்று சென்சரை ஏறத்தாழ கால் பங்கு குறைந்த வேகத்தில் கடக்கிறது. காற்று குறைந்துவிட்டது என்று கணினி நம்புகிறது. பெட்ரோலையும் அந்த அளவுக்குக் குறைக்கிறது.

சாதாரணமாக ஓட்டும்போது, சைலன்சர் பக்கம் உள்ள ஆக்சிஜன் சென்சர் இந்தக் குறையைக் கண்டுபிடித்து எரிபொருளைக் கூட்டச் சொல்லும். அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு, பல கார்களில் 25 சதவீதத்தை ஒட்டி. எல்லையைத் தொட்டதும் விளக்கு எரியும். ஸ்கேனரில் பார்த்தால் பெரும்பாலும் பி0171, அதாவது கலவையில் எரிபொருள் குறைவு என்ற குறியீடுதான் வரும். பேட்டரியைக் கழற்றும்போது கணினி கற்றுவைத்திருந்த திருத்தம் அழிகிறது. பழுது அப்படியே இருப்பதால், மறுபடி கற்று, மறுபடி விளக்கை ஏற்றுகிறது. "லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும்" என்ற உங்கள் நண்பரின் ஊகம் சரியல்ல.

ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். அந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சரின் சொல்லைக் கணினி பெரும்பாலும் கேட்பதில்லை. காற்றோட்ட சென்சரை நம்பியே பெட்ரோல் ஊற்றுகிறது. காற்று குறைவு என்று நம்புவதால், இன்ஜினின் மீது சுமையும் குறைவு என்று கருதி, ஸ்பார்க்கை முன்கூட்டியே விடுகிறது. மேலே நான் குறிப்பிட்ட இன்னொரு காரணம் இதுதான்: பிக்-அப் கொஞ்சம் துள்ளுவதுபோல் தோன்றலாம், ஆனால் அதே வேளையில் எரிபொருள் குறைந்த கலவையும் முந்திய ஸ்பார்க்கும் சேர்ந்து பிஸ்டனையும் எக்ஸாஸ்ட் வால்வையும் அளவுக்கு மீறிச் சூடாக்கும். ஆகவே, வேறு எந்த முடிவை எடுப்பதற்கு முன்பும், இந்த வாரமே பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிவிடுங்கள். அதுவரை வண்டியை விரட்டி ஓட்ட வேண்டாம்.

புகைப் பரிசோதனையில் சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பரிசோதனை சுமையில்லாமல், வண்டி நிற்கும்போது நடக்கிறது. அப்போது ஆக்சிஜன் சென்சர் முடிந்த அளவு குறையை மறைத்துவிடும். அந்தச் சான்றிதழ் உங்கள் குழாய்க்குக் கிடைத்த ஒப்புதல் ஆகாது.

மைலேஜ் பற்றி

சுருக்கமாகச் சொன்னால், மைலேஜ் அதிகரிக்காது. பெட்ரோல் இன்ஜினை நிதானமாக ஓட்டும்போது த்ராட்டில் பாதி மூடியபடியே இருக்கிறது. காற்று அடர்த்தியாக வந்தால், அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் மூடத்தான் வேண்டும். மூடிய வாயிலின் வழியே காற்றை இழுப்பதற்கு இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். எனவே நகர ஓட்டத்தில் லாபம் பூஜ்யம், சில வேளை நஷ்டம்.

மழையும் முப்பது மில்லிலிட்டரும்

உங்கள் கடிதத்தில் கேள்வியாக இல்லாத அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. 1,200 சிசி, நான்கு சிலிண்டர் என்றால், ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. அழுத்த விகிதம் 11-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 30 சிசி மட்டுமே. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. இரண்டு மேசைக்கரண்டி அளவுத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டால், பிஸ்டனுக்கு மேலே வர வழியில்லை. ஓடும் இன்ஜினில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

கம்பெனிக்காரர்கள் மூக்குக்குழாயை ஹெட்லைட்டுக்கும் மேலே வைத்திருப்பது இதற்காகத்தான். பனிவிளக்குக்குப் பின்னால் ஃபில்டரை இறக்கினால், அது தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே இருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர் அதைவிட உயரம். தேங்கிய நீரில் எதிரே ஒரு மாநகரப் பேருந்து வந்தால் எழும் அலை இன்னும் உயரம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், உங்கள் பகுதி மக்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தின் மீது வரிசையாக நிறுத்தியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு, காற்று இழுக்கும் வாயைப் பம்பருக்குள் வைப்பதை என்னால் எந்த விதத்திலும் பரிந்துரைக்க முடியாது. ஃபெண்டர் தகட்டைத் துளைப்பதும் வேண்டாம். குழாயை நாளை கழற்றலாம், துளையைக் கழற்ற முடியாது, அதன் விளிம்பில் துரு பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே பிரிவின் விளக்கம், 'மாற்றம்' என்பது வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்கிறது. ஒரு காற்றுக்குழாய் அடிப்படை அம்சமா என்று வாதிட இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, சட்டம் அனுமதிக்காத வகையில் உரிமையாளர் பாகங்களைப் பொருத்துவதையும் சேர்த்தே பேசுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகை, இரைச்சல் விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பும் நேரலாம்.

ஃபில்டர் தாளை மாற்றுவதற்கும், பெட்டிக்குள் பொருந்தும் வேறு ஃபில்டர் போடுவதற்கும் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. உங்கள் குழாயில் சிக்கலான இடம் வேறு: வால்வு கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸைத் திறந்தே விட்டிருப்பது இரண்டாவது படத்தில் தெரிகிறது. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆவி மறுபடி இன்ஜினுக்குள் போய் எரிய வேண்டும் என்பதற்காக வைத்த ஹோஸ் அது. அதை வெளியே விடுவது மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைக் கழற்றுவதற்குச் சமம். அதற்கு வாதிட இடமில்லை.

இன்சூரன்ஸும் மறைத்தலும்

பழைய பெட்டியை மாட்டிக்கொண்டு போய் நிற்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். காப்பீடு என்பது நீங்கள் சொல்லும் விவரத்தை நம்பிச் செய்யப்படும் ஒப்பந்தம். மாற்றம் செய்திருந்தால் எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை. சேதம் நேர்ந்த பிறகு மறைப்பதும் எளிதல்ல. தண்ணீர் ஏறிய காரைப் பார்க்கப் போனால், நான் முதலில் திறப்பது ஏர் ஃபில்டரைத்தான்: தாள் நனைந்திருக்கிறதா, சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, அதன் பின் உள்ள குழாயில் ஈரம் உண்டா என்று. பம்பருக்குள் ஒரு கூம்பு ஃபில்டர் இருந்தால், என் அறிக்கையின் முதல் பத்தியிலேயே அது இடம்பெறும்.

வெள்ளத்தால் வரும் சேதம் சொந்த வண்டியின் சேதத்தையும் ஏற்கும் பேக்கேஜ் பாலிசியில் அடங்கும். ஆனால் 'தொடர் விளைவால் வரும் இழப்பு' அதில் விலக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால், அதைத் தொடர் விளைவு என்றே நிறுவனங்கள் வாதிடும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால்தான் அதற்குப் பணம் கேட்க முடியும். உங்கள் பாலிசியில் அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வயதான காருக்கு அதைத் தருவதற்குப் பல நிறுவனங்கள் தயங்கும், கேட்டுப் பாருங்கள். வாகனத்தைக் காக்க நியாயமான எச்சரிக்கைகளை எடுக்க வேண்டும் என்பதும் பாலிசியின் நிபந்தனை. காற்றுவாயைத் தாழ்வாக இறக்கியதை அந்த நிபந்தனையின் மீறலாகக் காட்டுவது சுலபம்.

இங்கே உங்கள் அச்சம் ஒன்றையும் திருத்த வேண்டும். "குழாய் மாற்றினால் எந்த க்ளெய்மும் கிடைக்காது" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையல்ல. மூன்றாம் தரப்பினருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பை, காற்றுக்குழாயைக் காட்டித் தட்டிக்கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. நிறுத்தியிருந்த காரை யாரேனும் பின்னால் இடித்துவிட்டால், அந்தச் சேதத்துக்கும் குழாய்க்கும் தொடர்பில்லை என்று உறுதியாக வாதாடலாம். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மறுப்பு வந்தாலோ, ஒரு மாதத்தில் பதிலே இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

கையால் செய்து பார்க்கும் ஆசைக்கு

உங்களுக்குக் கைவேலையில் ஆர்வம் இருக்கிறது, அளந்து எழுதும் பழக்கமும் இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம். எதையும் வெட்டுவதற்கு முன், பழைய அமைப்பு உண்மையில் எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு மீட்டர் நிறமற்ற பிளாஸ்டிக் டியூபை 'யூ' வடிவில் ஒரு பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள ஏதேனும் சிறு ஹோஸ் இணைப்பில் பொருத்துங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். காலியான சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள், இரண்டாம் கியரில் முழு த்ராட்டிலில், இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படிக்கட்டும். ஓட்டுபவர் படிக்கக் கூடாது. ஒவ்வொரு 10 செ.மீ. வித்தியாசமும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம். வித்தியாசம் 15 செ.மீ. என்றால், உலகிலேயே சிறந்த குழாயை மாட்டினாலும் தடை நீங்குவதால் வரும் லாபம் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாது. பழைய ஃபில்டர் தாளோடு ஒரு முறை, புதிய தாளோடு ஒரு முறை அளந்தால், சில நூறு ரூபாய்த் தாள் என்ன செய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

காற்றின் வெப்பத்துக்கு, காரின் பழுதறியும் இணைப்பான ஓபிடி சாக்கெட்டில் சொருகும் சிறிய ஸ்கேனர் போதும். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியிலேயே காட்டும். வெளிவெப்பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் 15 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால், மூக்குக்குழாய் கழன்றோ விரிசல் விட்டோ இருக்கும். பழைய கார்களில் கிரில் பக்கத்து கிளிப் உடைந்து குழாய் தொங்குவது வழக்கம். அதைச் சரிசெய்வதே நீங்கள் தேடிய குளிர்ந்த காற்று.

அதன் பிறகும் ஃபில்டருக்கு முன்னே வரும் குழாயை மட்டும் மேம்படுத்த விரும்பினால், அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. சென்சர் அதன் சொந்தக் குழாயிலேயே இருக்க வேண்டும், பெட்டியும் பிரீதர் ஹோஸும் அப்படியே இருக்க வேண்டும், காற்று எடுக்கும் வாய் பழைய உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்கான பிவிசி 60 டிகிரிக்கு மேல் பயன்படுத்தத் தக்கதல்ல. இன்ஜின் பக்கத்தில் அது நெகிழ்ந்து, கிளாம்ப் இறுக்கிய இடம் தளரும். ரப்பர் அல்லது சிலிக்கோன் ஹோஸ் வாங்குங்கள். அலுமினியக் குழாய் காற்றைச் சூடாக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். முழு த்ராட்டிலில் ஒரு மீட்டர் குழாயைக் காற்று ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கடந்துவிடும்.

கடைசியாக, இதுவரை நீங்கள் ஓட்டிய கிலோமீட்டர்களைப் பற்றி. பிவிசி குழாயைக் கழற்றியதும், அதன் உட்சுவரை, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள பகுதியில், வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நறநறவென மணல் தூசி வந்தால், எம்-சீல் வைத்த இடத்தில் ஓட்டை இருந்திருக்கிறது, அந்தத் தூசி சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது. அப்படியானால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் உடனே மாற்றி, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு வந்தால், கூம்பு ஃபில்டரில் தடவிய எண்ணெய் சென்சர் கம்பியில் படிந்திருக்கும். காற்றோட்ட சென்சருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் அதைச் சுத்தம் செய்யுங்கள், துணியோ பிரஷ்ஷோ படக் கூடாது. துணி வெள்ளையாகவே இருந்தால், பெட்டியை மாட்டி, ஸ்கேனரால் குறியீட்டை அழித்து, சில நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள். விளக்கு மறுபடி எரிந்தால் மட்டும், குறியீட்டின் எண்ணுடன் எனக்கு எழுதுங்கள்.